வயது போனோரும் வயது கடந்தோரும்

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளின் வேலைவாய்ப்புப் பக்கத்தை எந்த நாளில் விரித்தாலும் சம்பளத்துக்கு முன்னே வயது நிற்கும். காசாளர் தேவை, 18–35. விற்பனை உதவியாளர்கள், 18–30. வரவேற்பாளர், இளம் பெண்கள் விரும்பத்தக்கது. இரவுக் காவலாளிக்கு வரும்போதுதான் எல்லை தளரும். ஐம்பது தாண்டியவரும் வரலாம் என்று ஒரு வரி இருக்கும். இந்த எண்ணைப் போட இலங்கையில் ஒரு தனியார் முதலாளி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஏன் போட்டீர் என்று பிறகு யாரும் கேட்கவும் போவதில்லை.

அதே முதலாளியிடம் பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்தால், ஐம்பத்தைந்து நிறைந்த கணக்காளரை வயதைக் காட்டி வீட்டுக்கு அனுப்புவது இன்று சட்டத்துக்கு மாறானது. 2021 இல் வந்த மாற்றம் அது. வயதின் பெயரால் ஒருவரை வெளியே அனுப்புவதற்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. வயதின் பெயரால் உள்ளே விடாதிருப்பதற்கு வரவில்லை. வயதுப் பாகுபாடு பற்றிய முறைப்பாடு இந்த நாட்டில் ஏன் அந்தப் பெயரில் எழுவதில்லை, முதலாளிமார் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை இந்த இடைவெளியில்தான் கிடக்கிறது.

ஒரு ஊர், மூன்று கணக்கு

யாழ் நகரின் கிழக்கு விளிம்பில், கடனீரேரியைத் தொட்டபடி இருக்கும் கொழும்புத்துறையில் வயதும் வேலையும் ஒரே கணக்கில் ஓடுவதில்லை. கடற்றொழிலாளிக்கு ஓய்வு வயது இல்லை. கை வலையை இழுக்கும் மட்டும் தொழில். இழுக்க மாட்டாத நாளில் வலை திருத்தும் வேலை. அவருக்கு முதலாளி இல்லை, ஆகையால் யார் மீதும் முறைப்பாடும் இல்லை. 60 வயதில் ஓய்வூதியம் தரும் திட்டமொன்று 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. சந்தா கட்டியவருக்கு அது.

அதே ஊரில் இருக்கும் புனித பிரான்சிஸ் சவேரியார் குருமடத்தில் படித்து வெளியேறும் குருவானவருக்குத் திருச்சபைச் சட்டம் வேறொரு எண்ணைக் குறித்து வைத்திருக்கிறது. பங்குத்தந்தை 75 வயதில் பதவி விலகல் கடிதம் கொடுக்கும்படி கேட்கப்படுகிறார். ஏற்பதும் ஒத்திவைப்பதும் ஆயரின் முடிவு. ஆயருக்கும் அதே 75, முடிவு பாப்பரசருடையது. கொழும்புத்துறை என்றதும் பலருக்கும் நினைவில் வரும் யோகர் சுவாமியோ கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்துவிட்டு, இளம் வயதிலேயே உத்தியோகத்தைத் தானாக உதறியவர்.

காலையில் நகரத்துக்குப் புறப்படும் மற்றவர்களுக்கு இந்த வசதிகள் இல்லை. துணிக்கடை, நகைக்கடை, தனியார் வைத்தியசாலை, நிதி நிறுவனம், பல்பொருள் அங்காடி என்று போகிறவர்களின் வயதை வேறொருவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

ஐம்பத்தைந்து எங்கிருந்து வந்தது?

2021 வரை தனியார் துறையில் ஓய்வு வயதைச் சட்டம் எதுவும் பொதுவாக வகுக்கவில்லை. நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருந்ததோ அதுவே எல்லை. பெரும்பாலான கடிதங்களில் 55 இருந்தது. பெண்களுக்குப் பல இடங்களில் 50. இந்த எண்கள் காற்றில் முளைத்தவையல்ல. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி ஆண் 55 இலும் பெண் 50 இலும் நிதியை எடுக்கலாம். பணம் எடுக்கக்கூடிய வயது, காலப்போக்கில் போகவேண்டிய வயதாக நடைமுறையில் இறுகிவிட்டது. ஊழியருக்கு உரிமையாக வந்த எண்ணை முதலாளி எல்லையாகப் படித்தார்.

அப்படிப் படிப்பதில் இலாபமும் இருந்தது. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டத்தின்படி, பதினைந்து பேருக்குக் குறையாத இடத்தில் ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் நட்டஈடு கட்ட வேண்டும். அதற்கான சூத்திரம் 2005 இல் வர்த்தமானியில் வந்தது: முதல் 5 வருடங்களுக்கு ஆண்டுக்கு இரண்டரை மாதச் சம்பளம், 6 முதல் 14 வரை 2 மாதம், 15 முதல் 19 வரை ஒன்றரை மாதம், 20 முதல் 24 வரை ஒரு மாதம், 25 முதல் 34 வரை அரை மாதம். மொத்தம் 48 மாதத்தைத் தாண்டாது; தொகையின் உச்சவரம்பு 2021 இல் 25 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 60,000 ரூபா வாங்கும் ஒருவர் 20 வருடம் வேலை செய்திருக்கிறார். அவரை ஆட்குறைப்பு என்று நிறுத்தினால் 39 மாதச் சம்பளம், அதாவது 23,40,000 ரூபா கட்ட வேண்டும். ஓய்வு என்று அனுப்பினால், 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஆண்டுக்கு அரை மாதம் வீதம் 6,00,000 ரூபா. அதுவும் எப்படியும் கொடுக்கவேண்டிய பணம். ஒரே ஆள், ஒரே நாற்காலி. கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்பதில் இருபத்து மூன்று இலட்சம் தங்கியிருக்கிறது. ஓய்வு என்ற சொல்லைத் தொழில்தருநர்கள் விரும்பியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

சூத்திரத்துக்குள்ளேயே வயது பற்றிய ஓர் எண்ணமும் ஒளிந்திருக்கிறது. இதே ஊழியர் 30 வருடம் வேலை செய்திருந்தால் 46 மாதம், 27,60,000 ரூபா வரும். உச்சவரம்பு அதை 25 இலட்சத்தில் நிறுத்திவிடும். கடைசிப் பத்து வருடத்துக்கு 1,60,000 ரூபா. முதல் ஐந்து வருடத்துக்கு மட்டும் ஏழரை இலட்சம். வேறு வேலை தேடிக்கொள்ளக்கூடிய இளையவரின் வருடத்துக்கு அதிக விலை, தேட முடியாதவரின் வருடத்துக்குக் குறைந்த விலை.

2021 இன் படிக்கட்டு

2021 நவம்பர் 17 ஆம் திகதி சான்றுப்படுத்தப்பட்ட 28 ஆம் இலக்கச் சட்டம், பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்குக் குறைந்தபட்ச ஓய்வு வயதை வகுத்தது. அன்று 52 நிறையாதவருக்கு 60. 52 நிறைந்தவருக்கு 59, 53 நிறைந்தவருக்கு 58, 54 நிறைந்தவருக்கு 57. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எண். ஐம்பதில் பெண்ணை அனுப்பும் பழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது இந்தச் சட்டத்தின் பெரிய சாதனை.

அதன் குறையும் அந்தப் பதினைந்தில்தான் இருக்கிறது. யாழ் நகரத்துக் கடைகளில் பல அந்த எண்ணிக்கையைத் தொடாதவை. முதலாளி, அவர் மகன், ஆறு பேர் வேலைக்கு; அவ்வளவுதான். அங்கே 1971 ஆம் ஆண்டுச் சட்டம் இல்லை, 1983 ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் இல்லை, 2021 ஆம் ஆண்டுச் சட்டமும் இல்லை. மிஞ்சுவது 1950 ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் இயங்கும் தொழில் நியாய சபை ஒன்றுதான். அங்கே ஆளெண்ணிக்கை பார்ப்பதில்லை. வேலை போன ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போட்டால் போதும். நீதியானதும் ஒப்புரவானதுமான கட்டளை எதையும் சபை வழங்கலாம்.

முறைப்பாடு எழாமல் இருப்பது எப்படி?

நியாய சபைக்குப் போகுமுன் விடயத்தை முடித்துவிடுவதில் முதலாளிமாருக்கு நல்ல பழக்கம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அது பெரும்பாலும் அன்பாகவே நடக்கும். தகப்பனார் காலத்திலிருந்து கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து இளைய முதலாளி சொல்வார்: "ஐயா, உங்களுக்கு ஏன் இனி இந்தக் கரைச்சல்? பிள்ளையள் ரெண்டும் வெளியில தானே. ஆறுதலா வீட்டில இருங்கோவன்." ஐயா என்ற விளிக்கும் கரைச்சல் என்ற கரிசனைக்கும் முன்னால் சட்டம் பேசினால் மரியாதை கெட்டவர் என்ற பேர் வரும். கனடாவிலோ லண்டனிலோ பிள்ளை இருப்பது, இங்கே வேலை தேவையில்லை என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. அடுத்த கிழமை ஒரு சால்வையும் உறையும். கூடவே கையெழுத்து வைக்க ஒரு விலகல் கடிதம். தானாக விலகியவருக்கு வேலை முடிவுறுத்தல் சட்டம் உதவாது.

பெரிய நிறுவனங்களில் வார்த்தை வேறு. சேவை நீடிப்பை வருடா வருடம் புதுப்பிப்பது ஒரு வழி. ஓய்வு பெறச் செய்து மறுநாளே குறைந்த சம்பளத்தில் ஒப்பந்த அடிப்படையில் எடுப்பது இன்னொன்று. சுயவிருப்ப ஓய்வுத் திட்டத்தை எல்லோருக்கும் அறிவித்துவிட்டு, யார் யார் விண்ணப்பிக்க வேண்டும் என்பதைத் தனியே கூப்பிட்டுச் சொல்வது மூன்றாவது. இடமாற்றமும் உண்டு: யாழ்ப்பாணக் கிளையில் முப்பது வருடம் இருந்தவருக்கு வேறு மாகாணத்துக்கு மாற்றல் வந்தால், கடிதத்தில் வயது என்ற சொல்லே இருக்காது. இப்படி ஒவ்வொரு வழியிலும் வயது வேறொரு பெயரில் கோவைக்குள் போகிறது. ஊழியர் வழக்காடுவதானாலும் அந்தப் பெயரில்தான் வழக்காட வேண்டும்: நியாயமற்ற பணிநீக்கம், மறைமுகப் பணிநீக்கம், பணிக்கொடை கொடுக்கவில்லை, சேமலாப நிதி கட்டவில்லை. தொழில் நியாய சபையின் வழக்குகளில் வயது இருக்கும்; தலைப்பில் இருக்காது.

காலமும் முதலாளியின் பக்கம். சபை மீண்டும் வேலையில் அமர்த்தக் கட்டளையிடலாம். ஆனால் ஐம்பத்தெட்டில் வழக்குப் போட்டவர், விசாரணையும் மாகாண மேல் நீதிமன்ற மேன்முறையீடும் முடியும்போது அறுபதைத் தாண்டியிருப்பார். பிறகு பேசுவதற்கு நட்டஈடு மட்டும்தான் மிச்சம். இளையவர் ஒருவருக்கு மீண்டும் வேலை என்பது உண்மையான பரிகாரம். மூத்தவருக்கு அது கடிகாரத்தோடு போட்டி. இது தெரிந்த சட்டத்தரணிகள் முதல் தவணையிலேயே சமரசத் தொகை பேசுவார்கள்; பல கோவைகள் அங்கேயே மூடப்படும்.

அரசியலமைப்பில் இல்லாத சொல்

இலங்கை அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறப்பிடம் ஆகிய காரணங்களால் பாகுபாடு கூடாது என்கிறது. வயது அந்தப் பட்டியலில் இல்லை. இலங்கை 1998 இல் ஏற்றுக்கொண்ட சர்வதேச தொழில் அமைப்பின் 111 ஆம் சமவாயத்தின் பட்டியலிலும் இல்லை. 12(1) இன் பொதுவான சமத்துவத்தை வைத்து உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் போகவேண்டும், எதிராளி அரச நிர்வாகமாக இருக்கவேண்டும். தனியார் கடைக்காரர் இந்த வட்டத்துக்கு வெளியே.

அரச சேவையில் வயது எப்படிப் பந்தாடப்படும் என்பதற்கு 2022 ஆம் ஆண்டே போதும். 2021 நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் ஓய்வு வயதை 65 ஆக்கியது. பொருளாதாரம் விழுந்த பிறகு, 2022 ஓகஸ்ட் இடைக்கால வரவு செலவுத் திட்டம் அதை 60 க்கு இறக்கியது. அறுபது தாண்டிய ஆயிரக்கணக்கானோர் டிசம்பர் 31 இல் ஒரே நாளில் வீடு போனார்கள். இன்னும் ஐந்து வருடம் உண்டு என்று வங்கிக் கடன் எடுத்தவரும் அவர்களில் இருந்தார். விசேட வைத்திய நிபுணர்கள் 176 பேர் மட்டும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு 63 வரை இருக்க வழி பிறந்தது. நாட்டை விட்டு வைத்தியர்கள் வெளியேறிக்கொண்டிருந்த நேரம் அது. சண்டை போடப் பணமும் சங்கமும் தட்டுப்பாடான திறமையும் இருந்தவர்களுக்கு வயது நெகிழ்ந்து கொடுத்தது, எழுதுவினைஞருக்குக் கொடுக்கவில்லை.

தொலைந்த வருடங்கள்

உள்ளே நுழையும் வயதெல்லை வடக்கில் தெற்கைப் போல வேலை செய்வதில்லை. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் போரினால் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது கொழும்புத்துறையும் கூடவே நடந்தது. பரீட்சைகள் தள்ளிப்போயின, பல்கலைக்கழகம் மூடித் திறந்தது, நான்கு வருடப் பட்டம் ஆறேழு வருடம் எடுத்தது. போர் முடிந்த 2009 க்குப் பிறகு தனியார் வங்கிகளும் நிறுவனங்களும் கிளை திறக்கும்போது அந்தத் தலைமுறை முப்பதைத் தாண்டி நின்றது. 35 என்ற எண் கொழும்பிலிருப்பவரின் வாழ்வை வைத்து வரையப்பட்டது. இங்கே அது, வேலையே இல்லாதிருந்த வருடங்களையும் சேர்த்து எண்ணியது.

2017 பெப்ரவரி இறுதியில் யாழ் மாவட்டச் செயலகத்தின் முன் வேலையற்ற பட்டதாரிகள் பந்தல் போட்டு அமர்ந்து, மாதக்கணக்கில் எழும்பாமல் இருந்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருந்தது. வயதெல்லைக்கு அஞ்சும் பட்டதாரிக்கு ஒவ்வொரு நியமனத் தாமதமும் இரட்டைத் தண்டனை. அரசின் பட்டதாரிப் பயிலுநர் சேர்ப்பில் 35 என்றிருந்த எல்லை பின்னர் 45 வரை தளர்ந்தது. தமிழ்நாட்டிலும் இதே கதை உண்டு: ஆசிரியர் நியமனத்துக்கு 2020 இல் கொண்டுவந்த உச்ச வயதை எதிர்த்து எழுந்த குரல்களுக்குப் பிறகு, 2023 இல் அது பொதுப்பிரிவினருக்கு 53, ஏனையோருக்கு 58 என்று உயர்ந்தது. ஒரு பேனாக் கையெழுத்தில் பத்துப் பதினைந்து வருடம் ஏறக்கூடிய எல்லை, தொழிலின் தேவையிலிருந்து பிறந்ததல்ல என்பது இதிலேயே தெரிகிறது.

மூத்தவரை வேலையில் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு எதிர்வாதமும் உண்டு, அது இலேசானதல்ல. மூத்தவர் எழும்பாவிட்டால் இளையவர் எங்கே உட்காருவது? தமிழ்நாடு அரசு ஓய்வு வயதை 2020 மே மாதத்தில் 58 இலிருந்து 59 ஆகவும், 2021 பெப்ரவரியில் 60 ஆகவும் உயர்த்தியபோது வேலைக்குக் காத்திருந்த இளைஞர்கள் இதையே கேட்டார்கள். அரச ஆளணியில் கேள்வி நியாயமானது. அங்கே இடங்கள் எண்ணி வைக்கப்பட்டவை, ஒருவர் போனால்தான் ஒருவர் வரலாம். தனியார் கடையில் அப்படியல்ல. ஐம்பத்தைந்து வயதுக் கணக்காளர் போன இடத்துக்கு இளைய கணக்காளர் வரவேண்டுமென்ற கட்டாயம் இல்லை. ஒரு கணினி மென்பொருளும் அரைச் சம்பளத்தில் ஒரு பயிலுநரும் வரலாம்.

வெளியே போன தமிழருக்கு

கொழும்புத்துறையிலிருந்து புலம்பெயர்ந்தவர் ஸ்காபரோவில் இருந்தால் சட்டம் வேறு. ஒன்ராறியோவில் 65 இல் கட்டாய ஓய்வு 2006 டிசம்பர் 12 உடன் முடிந்தது. வயதைக் காரணம் காட்டினால் மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போக ஒரு வருட அவகாசம் உண்டு. பிரித்தானியாவில் வயதுப் பாகுபாட்டுக்கு எதிரான விதிகள் 2006 ஒக்ரோபரில் வந்தன; பொதுவான ஓய்வு வயது 65 என்பது 2011 இல் நீங்கியது. அங்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது: இனத்தையோ பாலையோ வைத்து நேரடியாகப் பாகுபாடு காட்டிவிட்டு நியாயம் சொல்ல முடியாது, வயதை வைத்துக் காட்டினால், தகுந்த நோக்கம் இருந்தது என்று முதலாளி நிரூபிக்கலாம்.

அந்த நியாயம் எப்போதும் எடுபடுவதில்லை. பிபிசியின் கன்ட்ரிபைல் நிகழ்ச்சி 2009 இல் முக்கிய நேரத்துக்கு மாறியபோது நீக்கப்பட்ட தொகுப்பாளர் மிரியம் ஓ'ரெய்லி, 2011 ஜனவரியில் தீர்ப்பாயத்தில் வென்றார். வயதுப் பாகுபாடும், முறைப்பாடு செய்ததற்கான பழிவாங்கலும் நிறுவப்பட்டன. பெண் என்பதால் பாகுபாடு என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. துல்லியத் திரையில் முகச் சுருக்கம் தெரியும், கவனம் என்று அவருக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

அமெரிக்காவில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனோரைக் காக்கும் சட்டம் 1967 இலேயே வந்துவிட்டது. அங்கே முதலாளிகள் முறைப்பாட்டைக் கையாளும் கலையும் முதிர்ந்திருக்கிறது: கூடுதல் பணம் கொடுத்து, வழக்குப் போடமாட்டேன் என்று கையெழுத்து வாங்குவது. அதைக் கட்டுப்படுத்த 1990 இல் இன்னொரு சட்டம் வந்தது. கூட்டாக ஆட்குறைப்புச் செய்தால் யோசிக்க 45 நாள், கையெழுத்திட்ட பிறகும் மனம் மாற 7 நாள். யார் யாரை எடுத்தார்கள், யாரை விட்டார்கள் என்ற வயதுப் பட்டியலையும் கொடுக்க வேண்டும். ஐபிஎம் நிறுவனம் பற்றி அந்த நாட்டுச் சமவாய்ப்பு ஆணைக்குழு 2020 இல் சொன்ன முடிவு, 2013 முதல் 2018 வரை மூத்தோரைக் குறைத்து இளையோருக்கு இடம் செய்யும்படி மேலிடத்திலிருந்தே அறிவுறுத்தல் போனதாகக் கண்டது. நிறுவனம் அதை மறுத்தது. 2022 இல் நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்த உள் மின்னஞ்சல்களில் மூத்த ஊழியர்களை டைனோபேபிகள் என்று குறித்திருந்தார்கள்.

இந்தியாவில் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் 35 வயதில், அல்லது முதல் கர்ப்பத்தில் ஓய்வுபெற வேண்டும் என்ற விதி 1981 இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கர்ப்ப நிபந்தனையை நீதிமன்றம் அடித்தது. 45 வரை நீடிக்கும் அதிகாரம் முகாமைப் பணிப்பாளரின் இஷ்டத்துக்கு விடப்பட்டதையும் அடித்தது. 35 என்ற எண்ணைத் தொடவில்லை.

இலங்கைக்கு நெருக்கமான பாடம் தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில் இருக்கிறது. அங்கே 2022 யூலை முதல் ஓய்வு வயது 63. அதன்பின் தகுதியுள்ளவருக்கு 68 வரை மீள்வேலை கொடுக்க வேண்டும், இடமில்லையென்றால் ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும். இந்த எண்கள் 2026 யூலையில் 64, 69 ஆகின்றன. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலைத்தல நியாயச் சட்டம் வேலைக்கு எடுக்கும் கட்டத்திலும் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கவும், முறைப்பாட்டை விசாரிக்க உள்ளக ஏற்பாடு வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தவும் இயற்றப்பட்டது. 25 பேருக்குக் குறைந்த நிறுவனங்களை முதல் கட்டத்தில் விட்டுவைத்திருக்கிறது.

இலங்கையின் 2021 ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் முழுச் சோதனைக்கு வரவில்லை. படிக்கட்டைத் திகதியாக மாற்றிப் பார்த்தால், 57 க்குரியவர்கள் 2024 நவம்பரோடு முடிந்துவிட்டார்கள். 58 க்குரியவர்கள் 2026 நவம்பர் வரை, 59 க்குரியவர்கள் 2028 நவம்பர் வரை. 1969 நவம்பர் 17 க்குப் பின் பிறந்தவர்களே முழு அறுபதுக்கும் உரியவர்கள். அவர்களில் முதல் ஆள் அறுபதைத் தொடுவது 2029 நவம்பரில். அதுவரை அவர்களுக்குக் கொடுக்கப்படும் ஒவ்வொரு விலகல் கடிதமும் உண்மையில் யார் எழுதியது என்ற கேள்வியைத்தான் தொழில் நியாய சபைகள் தீர்க்க வேண்டியிருக்கும். 35 ஐத் தாண்டி விண்ணப்பிக்காமலே விட்டவருக்கோ காட்டுவதற்குக் கடிதம்கூட இல்லை.